மரக்கட்டையா, அலுமினியமா: ஏர் ரைஃபிள் ஸ்டாக் பற்றிக் கோபித் தம்பிக்கு ஒரு பதில்

ரைஃபிளில் குழாயைத் தாங்கி, தோளிலும் கன்னத்திலும் படுகிற பகுதிதான் ஸ்டாக், நாங்கள் கட்டை என்போம். அதைப் பற்றிக் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் கேள்வி சுருக்கமாக இது: "ஏனுங்ணா, ரெண்டு வருசமா 10 மீட்டர் ஏர் ரைஃபிள், சின்ன ஓட்டை வழியாக் குறி பார்க்கற பீப் சைட்ல சுடறனுங்க. கிளப்போட மரக்கட்டை ரைஃபிள். அறுபது ஷாட்டுக்குத் தசமக் கணக்குல 595, 600ன்னு அங்கயே நின்னுக்கிச்சுங்க. முதல் இருபது நல்லா வருது, அப்புறம் மேலயும் கீழயுமாப் போகுது. நான் 5 அடி 11 அங்குலம், கழுத்தும் கொஞ்சம் நீளமுங்க. ஒருத்தர் பழைய அலுமினிய ஸ்டாக் ரைஃபிள் ஒண்ணு குடுக்கறேங்கறார். என்னோட ஸ்டைலுக்கு எது சரிப்படுமுங்க? அடுத்த வருசம் .22 ரைஃபிள்ல முட்டி போட்டு, படுத்து, நின்னு சுடற த்ரீ பொசிஷனும் ஆரம்பிக்கோணும், ரெண்டுக்கும் ஒத்து வர்ற மாதிரி சொல்லுங்ணா."

தம்பி, பாதி பதிலைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். "முதல் இருபது நல்லா வருது", "கழுத்து நீளம்" என்கிற ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கண்ணுக்குச் சைட் எட்டவில்லை. நீங்கள் தலையைக் குனிந்து கட்டைக்குக் கொண்டுபோகிறீர்கள். கழுத்துச் சதை இருபது ஷாட் வரை அந்தக் கனத்தைப் பிடித்து நிற்கிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. கன்னம் ஒரு ஷாட்டுக்கு அழுத்தமாக உட்கார்கிறது, அடுத்ததற்கு லேசாக உட்கார்கிறது. குண்டு மேலேயும் கீழேயும் போக இது ஒன்றே போதும். மரத்தை மாற்றி அலுமினியம் போட்டாலும் குனிந்த தலை குனிந்தபடிதான் இருக்கும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோவை கணபதியில் பம்ப் பாகங்களுக்கு லேத் வேலை செய்கிற சின்னப் பட்டறைக்காரன். இருபது வருசத்துக்கு மேலாக ரேஞ்சுக்குப் போகிறேன். மெடல் என்று சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக இல்லை. ஆனால் ஸ்டாக் விசயத்தில் செய்யக்கூடிய தப்பு எல்லாவற்றையும் சொந்தக் காசில் செய்து பார்த்திருக்கிறேன். அதனாலேயே புதிதாக வருகிற பசங்களுக்குக் கட்டையை அளவு பார்த்துக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

என் அப்பாருக்கு அந்தியூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் கடலைக்காடு. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கிய கருமருந்துத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். பன்றி வந்தால் வெறும் மருந்தைக் கெட்டித்து வெடிப்பார், சத்தத்துக்கே ஓடிவிடும். அதன் கட்டை அவர் தோளுக்கென்று உள்ளூர் ஆசாரி செதுக்கியது. அவர் எடுத்துத் தோளில் வைத்தால் கண் தானாகக் குழாயின் மேல் போய் நிற்கும். பதினைந்து வயதில் நான் ஒருமுறை எடுத்து வைத்துப் பார்த்தேன், குழாயின் பின்பக்கத்து இரும்புதான் தெரிந்தது, முனை தெரியவே இல்லை. "அது எனக்குத் தெச்ச சட்டை கண்ணு, உனக்கு எப்படிச் சேரும்" என்றார். அவர் மம்பட்டிக்கும் அப்படித்தான். அடுத்தவர் மம்பட்டியைத் தொடமாட்டார், காம்பு ரெண்டு விரல்கடை நீளமாக இருந்தாலே சாயங்காலம் முதுகு பிடித்துக்கொள்ளும் என்பார். ஸ்டாக் பற்றி நான் அப்புறம் கற்றுக்கொண்டதெல்லாம் இதற்கு விரிவுரைதான்.

"ஸ்டைல்" என்கிற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மேசையில் சாய்த்துச் சுடுகிறவருக்கு அடிப்பக்கம் அகலமான, தட்டையான முன்கட்டை வேண்டும், மணல் மூட்டை மேல் ஆடாமல் உட்கார. வெளிநாட்டில் காடுமேடு சுற்றி வேட்டையாடுகிறவருக்கு எடை குறைந்த, சட்டென்று தோளுக்கு வருகிற கட்டை. இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை, விட்டுவிடுவோம். நீங்கள் சுடுகிற 10 மீட்டரில் எல்லோரும் நின்றுகொண்டேதான் சுடுகிறோம். ஆக உங்கள் ஸ்டைல் என்பது உங்கள் எலும்புகளின் நீளம்தான். "நான் நிமிர்ந்து நிக்கற டைப்", "நான் சாஞ்சு நிக்கற டைப்" என்று பசங்கள் சொல்வார்கள். பாதிப் பேர் அப்படி நிற்பதற்குக் காரணம் கிளப் ரைஃபிளின் கட்டை அவர்களை அப்படி வளைத்து வைத்திருப்பதுதான்.

எவ்வளவு சின்ன விசயம் எவ்வளவு பெரிதாகும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 10 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளையம் வெறும் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. ஒவ்வொரு வளையமும் முந்தியதைவிட 2.5 மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 75 செ.மீ. என்று வையுங்கள். அந்த நேர்கோட்டில் ஒரு முனை 0.2 மி.மீ. விலகினால், 10 மீட்டர் தாண்டி அது 2.7 மி.மீ. ஆகிவிடும். அதாவது முழுசாக ஒரு வளையம். 0.2 மி.மீ. என்பது ரெண்டு தாளின் கனம். கன்னத்துச் சதை அவ்வளவு அமுங்காதா? ஒரு பாக்கு மென்றால் அதைவிட அதிகம் நகரும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வலக்கைக்காரர் என்றால் இடது தோள் டார்கெட்டைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். கால் ரெண்டும் தோளகலம். இடுப்பெலும்பின் மேட்டைத் தொட்டுப் பாருங்கள், இடது முழங்கை அதன்மேல் அல்லது அதற்குச் சற்று முன்னால் உட்கார வேண்டும். கொஞ்சம் பின்னால் சாய்ந்தால்தான் அது உட்காரும். இப்போது இடது முன்கை ஒரு தூண். தூணுக்கு அடியில் இடுப்பு, அதற்கடியில் கால், அதற்கடியில் தரை. எடை முழுக்க எலும்பு வழியாக இறங்க வேண்டும், சதை பிடித்து நிறுத்தக் கூடாது. தலையை நேராக வையுங்கள், சந்தைக்குப் போகிற பஸ்சுக்குக் காத்திருக்கிற மாதிரி சாதாரணமாக. டார்கெட்டின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம்தான், உங்கள் உயரத்துக்குக் கண் அதைவிட மேலே இருக்கும். அதற்காகக் கழுத்தை மடக்க வேண்டியதில்லை.

இந்த நிலையில் யாரையாவது ரெண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பெலும்பிலிருந்து கண் வரை ஒன்று. முழங்கையிலிருந்து, நீங்கள் ரைஃபிளைத் தாங்குகிற இடம் வரை இன்னொன்று. முஷ்டியில் தாங்கினால் முஷ்டி மேல்வரை, உள்ளங்கையில் தாங்கினால் உள்ளங்கை வரை. முதல் அளவிலிருந்து ரெண்டாவதைக் கழித்தால் ஓர் இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளியைத்தான் கட்டையும் சைட்டும் சேர்ந்து நிரப்ப வேண்டும். உடம்பும் கழுத்தும் நீளமாக, முன்கை குட்டையாக இருந்தால் இடைவெளி பெரிது. முன்கை நீளமானவருக்குச் சிறிது. 5 அடி 11 என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது, உயரம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ரேஞ்சில் ஒரே உயரம் உள்ள ரெண்டு பேருக்கு நாலு செ.மீ. வித்தியாசம் வந்து பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு இடைவெளி பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை மூன்று இடத்தில் நிரப்பலாம். முன்கட்டைக்கு அடியில் ஒரு ரெய்ஸர் பிளாக் போட்டுக் கையிலிருந்து ரைஃபிளை உயர்த்தலாம். தோளில் பதிகிற பின்தகடான பட் பிளேட்டைக் கீழே இறக்கலாம், அது தோளில் அதே இடத்தில் உட்கார்ந்தால் ரைஃபிள் மேலே ஏறும். நின்று சுடுகிற யாருடைய ரைஃபிளையும் பாருங்கள், பட் பிளேட் கட்டைக்குக் கீழே தொங்குகிற மாதிரிதான் இருக்கும். மூன்றாவது, சைட்டுக்கு அடியில் சின்ன உயர்த்திக் கட்டைகள், முன்னும் பின்னும் ஒரே அளவில். கழுத்து நீளமானவருக்கு இதுதான் தேவாமிர்தம். ஆனால் சைட்டை உயர்த்தினால் கன்னக்கட்டையையும் கூடவே உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கன்னம் அந்தரத்தில் நிற்கும்.

ரெய்ஸர் பிளாக் பற்றி என் கூத்து ஒன்று. லேத் கையில் இருக்கிறவனுக்கு எதையும் கடையில் வாங்க மனசு வராது. அலுமினியத் துண்டு ஒன்றை எடுத்து, அழகாக மில்லிங் போட்டு, கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணி மாட்டினேன். முதல் நாள் பெருமை தாங்கவில்லை. நாற்பதாவது ஷாட்டில் கட்டை விரலும் சுட்டு விரலும் மரத்துவிட்டன. ஓரத்தை உருட்டாமல் விட்டுவிட்டேன், 5 கிலோ எடை அந்த விளிம்பில் நின்று நரம்பை அமுக்கியிருக்கிறது. அதைவிடக் கேவலம் அடுத்தது. போட்டிக்கு முன் ரைஃபிளைச் சோதிக்கிற கன்ட்ரோலில் கொடுத்தால், குழாயின் நடுக்கோட்டிலிருந்து முன்கட்டை அடிவரை எவ்வளவு ஆழம் என்று அளப்பார்கள், அதற்கு விதியில் வரம்பு உண்டு. என் பிளாக் 2 மி.மீ. கூடுதல். வெர்னியரை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன், அளவில் தோற்று, பக்கத்தில் ஒருவரிடம் அரம் கடன் வாங்கி, மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து ராவிக்கொண்டிருந்தேன். ஆகையால் எதைச் செய்வதற்கு முன்னும் நடப்பு விதிப் புத்தகத்தின் அளவுப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். ஏர் ரைஃபிளில் கட்டை விரல் நுழைகிற ஓட்டை வைத்த கிரிப் கூடாது, உள்ளங்கைக்குத் தாங்கலாக வைக்கிற பாம் ரெஸ்ட் கூடாது, கை வழுக்காமல் இருக்க உப்புத்தாள் ஒட்டுகிற வேலையும் கூடாது. மொத்த எடை 5.5 கிலோவுக்குள்.

கன்னக்கட்டைக்கு வருவோம், உங்கள் நோய் இருக்கிற இடம். மனிதத் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அந்தக் கனம் கன்னத்தின் மேட்டெலும்பு வழியாகக் கட்டையில் இறங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளை எடுத்து, கன்னத்தை வைத்து, மூன்று மூச்சு விட்டு, பிறகு கண்ணைத் திறங்கள். பீப்பின் வட்டத்துக்குள் முன் சைட்டின் வளையம் நடுவில், சுற்றிலும் ஒரே அளவு வெளிச்ச விளிம்போடு தெரிந்தால் உங்கள் கன்னக்கட்டை சரி. மேல்பாதி இருட்டாகவோ ஒரு பக்கம் அப்பியோ தெரிந்தால் கட்டை சரியில்லை. அந்த நேரத்தில் தலையைக் கொஞ்சம் அசைத்துச் சரி பண்ணத் தோன்றும். பண்ணாதீர்கள். அப்படி அசைப்பதைத்தான் ரெண்டு வருசமாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். பத்து முறை எடுத்து வைத்துப் பாருங்கள், பத்திலும் ஒரே தப்பு வந்தால் நல்ல செய்தி, எவ்வளவு உயர்த்துவது என்று கட்டையே சொல்கிறது.

கிளப் ரைஃபிளில் திருகாணி இல்லாத மொட்டைக் கட்டை என்றாலும் பரவாயில்லை. கோச்சிடம் கேட்டுவிட்டு, பழைய ரப்பர்ச் செருப்பின் அடியை வெட்டி, துணி டேப்பால் சுற்றிக் கட்டுங்கள். ரெண்டு மி.மீ., நாலு மி.மீ., ஆறு மி.மீ. என்று அடுக்கிப் பார்க்கலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும், போட்டிக்கு அப்படியே கொண்டுபோக முடியாது, ஆனால் எது வேண்டும் என்று காசு செலவில்லாமல் தெரிந்துவிடும். கன்னக்கட்டை இடது வலமாகவும் நகர வேண்டும், ஒல்லி முகமும் புஷ்டி முகமும் ஒன்றாகுமா. நீங்கள் இடக்கைக்காரராக இருந்தால் வலக்கைக் கட்டையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், இடக்கைக்கென்றே செய்த கட்டையைத் தேடுங்கள்.

பட் பிளேட்டிலிருந்து ட்ரிகர் வரையிலான நீளம் அடுத்தது. கடையில் ஒரு வித்தை காட்டுவார்கள்: கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் ட்ரிகருக்கு எட்டுகிறதா என்று பார்ப்பது. அது முன்கை நீளத்தை மட்டும் அளக்கிறது. கழுத்து, நெஞ்சு அகலம், எல்லாவற்றுக்கும் மேலாக ஜாக்கெட், இது எதுவும் அதில் வராது. ஷூட்டிங் ஜாக்கெட்டின் துணி ஒரு மடிப்புக்கு 2.5 மி.மீ. வரை அனுமதி. கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த அதைப் போட்டால் கை மடங்குகிற விதமே மாறிவிடும். ஏப்ரல் வெயிலில் புழுங்குகிறதென்று பனியனோடு அளவு பார்த்துவிட்டு, ஜாக்கெட்டோடு போட்டிக்குப் போகிறவர்கள் வருசத்துக்கு நாலு பேராவது உண்டு. வியர்த்தாலும் சரி, ஜாக்கெட், பேண்ட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். நீளம் அதிகமானால் ரைஃபிள் தோளை விட்டு நழுவிப் புஜத்தில் போய் நிற்கும், முதுகு ரொம்ப வளையும். குறைந்தால் முகம் பின் சைட்டை முட்டும், வலது தோள் தூக்கிக்கொள்ளும். சரியான நீளத்தில் தோள் ரெண்டும் தளர்ந்து தொங்கும்.

கிரிப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மணிக்கட்டு முறுக்கில்லாமல் நேராக இருக்க வேண்டும், அதனால்தான் இந்த ரைஃபிள்களில் கிரிப் செங்குத்தாக நிற்கிறது. சுட்டு விரலின் முதல் கணு மட்டும் ட்ரிகரில் படவேண்டும், விரலின் மீதிப் பகுதி கட்டையைத் தொடக் கூடாது. தொட்டால், ட்ரிகரை இழுக்கும்போது கட்டையையும் சேர்த்துத் தள்ளுவீர்கள், குண்டு பக்கவாட்டில் போகும். கிரிப் கைக்குச் சின்னதாக இருந்தால் எம்சீல் வைத்துக் கொஞ்சம் கட்டி, கை ரேகை பதிய அழுத்தி, காய்ந்ததும் உப்புத்தாளால் நைசாகத் தேய்த்துவிடலாம். என் கிரிப் பத்து வருசமாக அப்படித்தான் இருக்கிறது, பல் டாக்டர் கடையில் வைத்திருக்கிற அச்சு மாதிரி.

எடை: 5.5 கிலோ அனுமதி என்பதற்காக 5.5க்கு ஏற்றவேண்டும் என்றில்லை. முன்பக்கம் எடை கூடினால் ஆட்டம் மெதுவாகும், உண்மைதான். ஆனால் 75 நிமிசத்தில் அறுபது ஷாட், அதற்கு முன் கணக்கில் சேராத சைட்டிங் ஷாட் வேறு, எடுத்து எடுத்து வைக்க முதுகு இருக்க வேண்டும். எடையின் நடுப்புள்ளி இடது கைக்கு மேலேயோ ஒரு விரல்கடை முன்னாலோ விழுந்தால் போதும். எடைக் கட்டியைக் கடைசியில் போடுங்கள், மற்றதெல்லாம் படிந்த பிறகு.

இனி நீங்கள் நேராகக் கேட்டது, மரமா அலுமினியமா.

அலுமினியத்தின் லாபம் ஒன்றே ஒன்று: எல்லாம் நகரும், நகர்த்திய இடத்தில் நிற்கும், அளவுக்கோடு போட்டிருக்கும், பழைய இடத்துக்குத் திரும்பலாம். கழுத்து நீளமான உங்களுக்கு இது பெரிய லாபம். அதனால் குண்டு இன்னும் துல்லியமாகப் பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ் மாதிரி ஜெர்மன்காரர்கள் வருசக்கணக்காக மரக்கட்டையிலும் போட்டி ரைஃபிள் செய்தார்கள், அதில் சுட்டு வாங்கிய மெடல்கள் ஏராளம். கன்னக்கட்டையும் பட் பிளேட்டும் நகர்கிற மரக்கட்டை குறைந்த விலையில் கிடைத்தால் நான் அதற்கும் சரி என்றுதான் சொல்வேன். மரத்தில் கன்னம் வைத்தால் ஒரு பதவிசு இருக்கும், அலுமினியத்தில் அது கிடையாது.

மரத்தின் குறை ஈரம். வால்நட் நல்ல மரம், எடை குறைவு, சட்டென்று வெடிக்காது, அதிகம் அசையாது. பீச் மரம் மலிவு, ஆனால் தண்ணீரைக் குடிக்கும். மெல்லிய தகடுகளாக ஒட்டிச் செய்த லேமினேட் கட்டை அசையாது, எடைதான் கூடும். நம் ஊர்ப் பருவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வந்து பொள்ளாச்சி, கோவைப் பக்கம் சாரல் அடிக்கும். அதே நாளில் தாராபுரம், கரூர்ப் பக்கம் வறண்ட காற்று மண்ணை வாரி வீசும். இங்கிருந்து அங்கே போட்டிக்குப் போனால் மரம் அதை உணரும். ஏர் ரைஃபிளில் குழாய் பெரும்பாலும் கட்டையைத் தொடாமல் நிற்பதால் பாதிப்பு குறைவு. .22ல் அப்படிச் சும்மா விட முடியாது: கட்டை உப்பிக் குழாயின் ஒரு பக்கத்தைத் தொட்டால் குண்டு விழுகிற இடமே மாறும். பத்து ரூபாய் நோட்டை குழாய்க்கும் முன்கட்டைக்கும் நடுவில் விட்டு இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும். இரும்புப் பாகம் கட்டையில் உட்காருகிற இடத்தில் எபாக்சி போட்டுப் படியவைப்பதும், திருகாணியை ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் முறுக்குவதும் இதற்காகத்தான். அதைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். கட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குழாய், மெக்கானிசம் பக்கம் எந்த லேத்துக்காரரிடமும் போகாதீர்கள், ஆயுதச் சட்டம் விளையாட்டில்லை. என்னிடம் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அலுமினியத்துக்கும் ஒரு குறை இருக்கிறது, அது நம் கையில்தான். திருகாணி இருந்தால் திருகத் தோன்றும். பதினைந்து வருசம் முன்னால் முதல் அலுமினிய ஸ்டாக் வாங்கிய புதிதில், ஒரு மாவட்டப் போட்டிக்கு முந்தின ராத்திரி, லாட்ஜ் ரூமில் உட்கார்ந்து பட் பிளேட்டை ரெண்டு சுற்று, கன்னக்கட்டையை ஒரு சுற்று, கிரிப்பைக் கொஞ்சம் என்று திருகினேன். கண்ணாடி முன் நின்று பார்த்தபோது அற்புதமாக இருந்தது. மறுநாள் சைட்டிங்கிலேயே குண்டு ஏழாம் வளையத்தில். எதைத் திருகினதால் வந்தது என்று தெரியவில்லை, பழைய இடம் எது என்று குறித்தும் வைக்கவில்லை. அன்றைக்கு எடுத்த ஸ்கோரை வீட்டில் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நகர்விலும் வெள்ளிப் பேனாவால் கோடு, வெர்னியரில் அளவு, நோட்டில் தேதி. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். மாற்றிய பிறகு ஒரு வாரமாவது சுடாமல் தீர்ப்புச் சொல்வதில்லை. முதல் நாள் எந்த மாற்றமும் நன்றாகத்தான் தெரியும், மூன்றாம் நாள்தான் உடம்பு உண்மையைச் சொல்லும்.

.22 த்ரீ பொசிஷனுக்கும் இதே கட்டை ஒத்து வருமா என்றால், வராது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். அது வேறு ரைஃபிள், லைசென்ஸ் வேண்டும், எடை வரம்பு 8 கிலோ. 20 ஷாட் முட்டி போட்டு, 20 படுத்து, 20 நின்று. படுத்தால் தலை முன்னால் போய்த் தாழும், பட் பிளேட் மேலே ஏற வேண்டும், ஸ்லிங் என்கிற வார் கையை இழுத்துப் பிடிக்கும், இடது முன்கை தரையோடு 30 பாகைக்குக் குறையக் கூடாது என்று விதி. நின்றால் எல்லாம் தலைகீழ். மூன்று நிலைக்கும் மூன்று அளவு, நடுவில் சில நிமிசத்துக்குள் மாற்ற வேண்டும். அங்கேதான் அலுமினிய ஸ்டாக் கொடுத்த காசுக்கு உழைக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இந்த 50 மீட்டர் த்ரீ பொசிஷனில்தான். அவர் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு மாறுகிற வீடியோவைப் பாருங்கள், சுடுவதைவிட அதில் கற்றுக்கொள்ள நிறைய. இப்போதைக்கு ஏர் ரைஃபிளில் உங்கள் அளவுகளைக் கண்டுபிடியுங்கள். அதில் எழுதிய நோட்டு .22ன் நிற்கிற நிலைக்கு அப்படியே உதவும்.

இதைப் படிக்கிற வேறு சிலரிடம் வீட்டில் மடக்கி ஏற்றுகிற ஸ்பிரிங் ஏர் கன் இருக்கும். அதற்கு இந்த அளவெல்லாம் இவ்வளவு தேவையில்லை. உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் உதைக்கும், குண்டு குழாயை விட்டுப் போவதற்குள் ரெண்டும் தொடங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி போகும். உள்ளங்கையில் சும்மா கிடத்தி, குதிக்க விட்டுச் சுடுங்கள், கட்டை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

சரி தம்பி, அந்தப் பழைய ரைஃபிள் விசயம். வாங்குவதா வேண்டாமா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, போய்ப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். போகும்போது ஜாக்கெட், பூட்ஸ், ஆலன் கீ செட், டேப் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், கூட ஒருவரையும் கூட்டிப் போங்கள், பக்கவாட்டிலும் முன்னாலும் நின்று போனில் வீடியோ எடுக்க. கன்னக்கட்டையை முழுக்க உயர்த்தி, பட் பிளேட்டை முழுக்க இறக்கிப் பாருங்கள். கடைசி முனைக்குப் போன பிறகுதான் உங்கள் கண்ணுக்குச் சைட் வருகிறதென்றால் அது உங்களுக்குச் சின்ன ரைஃபிள். நடுவில் எங்கேயோ வந்து, இன்னும் நகர்த்த ரெண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்தால் மேற்கொண்டு பேசலாம். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி மாட்டிப் பாருங்கள், மரை தேய்ந்திருந்தால் இறுக்கின இடத்தில் நிற்காது. சைட் உயர்த்திக் கட்டைகள் கூடவே தருகிறாரா என்று கேளுங்கள்.

அப்புறம் கட்டையைப் பார்க்கிற மும்முரத்தில் காற்றுச் சிலிண்டரை மறந்துவிடாதீர்கள். அதன்மேல் செய்த மாதமும் வருசமும் பொறித்திருக்கும். ஜெர்மன் சிலிண்டர்களுக்குப் பெரும்பாலும் பத்து வருசம்தான் கணக்கு, அதற்கு மேல் 200 பார் அழுத்தத்தை அதில் அடைத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. தேதி தாண்டியிருந்தால் புதுச் சிலிண்டரின் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். கழிக்கமாட்டேன் என்றால் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள், வேறு ஒன்று வரும்.